சனி முழுக்கு

நல்லெண்ணெய் மணத்தை விரலிலிருந்து எடுப்பது லேசான வேலை அல்ல. சவர்க்காரம் போட்டால் மேலால் போகும், நகக்கண்ணில் இருக்கும். தேசிக்காய்ப் பாதியால் தேய்த்தால் கொஞ்சம் குறையும். கடைசியில் உள்ளங்கையில் கோப்பித்தூள் போட்டு உரசிக் கழுவ வேண்டும். மூன்று வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் வெள்ளவத்தையில் அப்பாவின் ஃபிளாட் குசினியில் நின்று இதைத்தான் செய்தேன். கழுவியபின் என் கையை நானே மணந்து பார்ப்பேன், களவெடுத்தவள் மாதிரி.

களவு எதுவும் செய்யவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்வதால் பயம் போய்விடாது என்பது வேறு விஷயம்.

நான் வெள்ளவத்தையில் வளர்ந்த யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்துப் பிள்ளை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் கலிமா சொல்லி, ஒரு முஸ்லிம் மனிதரைக் கல்யாணம் செய்து, கொட்டாஞ்சேனைக்குப் போனேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. விரும்பித்தான் போனேன், இன்றும் அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறேன். இதை எத்தனை பேருக்கு எத்தனை தரம் சொல்லி அலுத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அப்பா பத்தொன்பது வருஷம் என்னோடு கதைக்கவில்லை. அம்மா செத்தபோதும் கதைக்கவில்லை. பிறகு அவருக்குக் கைநடுக்க வியாதி வந்தது. ஒரு நாள் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

“சனிக்கிழமை வாறியே? தலைக்கு எண்ணெய் வைக்க ஆளில்லை,” என்றார் அப்பா.

பத்தொன்பது வருஷக் கோபத்துக்கு அவர் சொன்ன சமாதானம் அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

எங்கள் ஆட்களில் ஆண்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு. வெறும் குளிப்பைக் குளிப்பு என்போம். தலையில் நல்லெண்ணெய் வைத்து ஊறவிட்டுக் குளிப்பதை முழுக்கு என்போம். அதில் சாமியும் இல்லை, பூதமும் இல்லை. நான் அப்பாவின் தலையில் எண்ணெய் தப்பித் தேய்ப்பேன். அரை மணித்தியாலம் போனதும் அவரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணை ஒருவர் வந்து சுடுதண்ணீர் வார்ப்பார். என் கணவருக்கு இது தெரியும். புறக்கோட்டையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும், அதிகம் பேசாத மனிதர் அவர். முதல் சனிக்கிழமை நான் கேட்டபோது, “பெத்த வாப்பாவப் பாக்கப் போறதுக்கு என்னத்துக்கு என்னட்ட கேக்கிய?” என்றார்.

ஆனால் அதே எண்ணெய்ப் போத்தலுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அப்பாவுக்கு ஏழரைச் சனி நடக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். முன்பு கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் எரித்தவர், கால் ஒத்துழைக்காததால் இப்போது வீட்டுச் சாமித் தட்டிலேயே ஒரு சிட்டி விளக்கு வைக்கிறார். நடுங்கும் கையால் தீக்குச்சியை உரசினால் குச்சி முறியும், அல்லது திரியைத் தேடி அலைந்து அணையும். ஒரு சனிக்கிழமை ஏழு குச்சி போனது. எட்டாவதை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“பிள்ளை, கையைப் பிடி,” என்றார்.

நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். நடுக்கம் நின்றது. விளக்கு பற்றியது. ஏற்றியது அப்பா, பிடித்தது நான். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படித்தான். நான் அந்த விளக்கைக் கும்பிடவில்லை, அதற்காகப் போகவுமில்லை. இருந்தும் அந்த மணிக்கட்டைப் பற்றி வீட்டில் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறைத்தேன் என்றால் அது மறைத்ததுதான்.

இரண்டு மாதத்துக்கு முன் என் மகள் ஒரு சனிக்கிழமை என்னோடு வந்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. எங்கள் வீட்டில் தொழுகையை ஒரு நேரமும் பிந்தவிடாதவள் அவள்தான், நானோ அவளுடைய தகப்பனோ அல்ல. கீழே செக்கியூரிட்டியின் புத்தகத்தில் நான் என் பழைய பெயரை எழுதியதைப் பார்த்தாள். அந்த ஃபிளாட்டில் எல்லோருக்கும் என்னை அந்தப் பெயரில்தான் தெரியும். மேலே போய்ப் பால்கனியில் நின்று கடலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவள், தண்ணீர் குடிக்க உள்ளே வந்தாள். அந்த நேரம் என் கை அப்பாவின் மணிக்கட்டில் இருந்தது, குச்சி எரிந்துகொண்டிருந்தது. அவள் தண்ணீர் குடிக்காமல் திரும்பிப் போனாள். ரயிலில் வரும்போது ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் நல்லது என்று இப்போது தோன்றுகிறது.

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில், குறுகிய அந்தச் சந்தில், ஒரு வீட்டின் மேல்மாடியில், வியாழக்கிழமைகளில் பெண்களுக்கு மார்க்க வகுப்பு நடக்கும். பாய் விரித்து முப்பது பேர் இருப்போம். படிப்பிக்க வருபவர் மார்க்கம் படித்த ஒரு பெண், எல்லோரும் அவரை டீச்சர் என்போம். வாசலில் ஒரு வெறும் பால்மா டின் இருக்கும். வாயால் கேட்க வெட்கமான கேள்விகளைப் பெயர் போடாமல் எழுதி அதில் போடலாம். அநேகமாகக் கணவன்மாரைப் பற்றிய கேள்விகள்தான் வரும். நாங்கள் முக்காட்டுக்குள் சிரித்துக்கொள்வோம்.

மகள் என்னோடு வந்துபோன பிறகு ஒரு வியாழக்கிழமை டீச்சர் ஒரு துண்டை எடுத்து விரித்து வாசித்தார்.

“இஸ்லாத்துக்கு வந்த ஒருவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் தன் தகப்பன் வீட்டுக்குப் போய்ச் சனி முழுக்குச் செய்கிறார். நல்லெண்ணெய் மணத்தோடு வருகிறார். விளக்குக்கும் கை கொடுக்கிறார். இதைத் தெரிந்த ஒருவர் சொல்லாமல் இருந்தால் அவருக்கும் பாவம் வருமா?”

கோப்பித்தூளும் தேசிக்காயும் போட்டு மூன்று வருஷம் கழுவிய கையை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டேன்.

“முழுக்கா?” என்று டீச்சர் துண்டைத் திருப்பிப் பார்த்தார். “அதென்ன முழுக்கு? ஆருக்காச்சும் தெரியுமா?”

கிழக்கிலிருந்து கல்யாணம் முடித்து வந்த ஒரு பெண் சொன்னாள்: “எங்கட ஊர்ப் பக்கம் கடமையான குளிப்பத்தான் முழுக்கு எண்டு சொல்றது, டீச்சர்.” தொழுகைக்கு முன் சுத்தமாக மார்க்கம் விதித்த குளிப்பைத்தான் அவள் சொன்னாள்.

“அப்ப சனிக்குக் கடமையான குளிப்பா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. “அஸ்தஃபிருல்லாஹ்.”

இப்படித்தான் அப்பாவின் எண்ணெய்க் குளிப்பு, சனி பகவானுக்குச் செய்யும் வணக்கமாக மாறியது. கிழமையின் பெயரும் கிரகத்தின் பெயரும் ஒன்றாக இருப்பது என் தலையில் வந்து விடியும் என்று நான் கண்டேனா? எழுந்து நின்று, சனி என்றால் சனிக்கிழமை, முழுக்கு என்றால் குளிப்பு, அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அது நான்தான் என்று ஆகிவிடும். தவிர, குளிப்பை விளக்கினாலும் விளக்கை எப்படி விளக்குவது?

அந்த மாடியில் யாழ்ப்பாணத்துத் தமிழோடு பிறந்தவள் நான் ஒருத்திதான். எண்ணெய்க் குளிப்புக்கு முழுக்கு என்ற சொல்லை அந்த ஒழுங்கைக்குக் கொண்டுவந்ததும் நான்தான். என்னிடமிருந்து அதைப் படித்த ஆள் ஒன்றே ஒன்று. அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது வெள்ளிக்கிழமைகளில் எண்ணெய் வைத்து, “வாங்கோ குஞ்சு, முழுக வார்ப்பம்,” என்று கூப்பிடுவேன். தலைகள் ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பின. முன் வரிசையில் தோழிகளோடு இருந்த என் மகள் மட்டும் திரும்பவில்லை.

கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். பத்து மாதம் சுமந்து, பேச்சும் படிப்பித்தால், படிப்பித்த சொல்லை வைத்தே காட்டிக்கொடுப்பதா என்று நெஞ்சு எரிந்தது. ஆனால் கோபத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. அந்த மாடியிலிருந்து கதை இறங்கினால் என் கணவரின் கடைவரை போக ஒரு நாள் போதும். அவர் நல்லவர்தான். ஆனால் நாலு பேர் கடையில் வந்து நின்று, உன் மனைவி இருபத்திரண்டு வருஷமாக நடிக்கிறாள் என்று சொன்னால் எந்த நல்லவரும் ஒரு நாள் யோசிப்பார். முதலில் சனிக்கிழமை நிற்கும். சனிக்கிழமை நின்றால் அப்பா எனக்கு இல்லை. அவர் இரண்டாம் தரம் ஃபோன் எடுக்கும் மனிதரும் அல்ல.

டீச்சர் துண்டை மடித்து மடியில் வைத்தார். “இதுக்கு நான் சும்மா ஜவாப் செல்ல மாட்டேன். ஒரு கதை செல்றேன்,” என்றார். எங்கள் ஒழுங்கையில் ‘சொல்’ என்பது ‘செல்’ என்றுதான் வரும்.

நபியவர்களின் துணைவியரில் யூதக் குலத்தில் பிறந்த ஒருவரின் கதை. இங்கே யார் பெயரையும் நான் எழுதவில்லை, அவருடையதையும் எழுதாமல் விடுகிறேன். குலத்தலைவரின் மகள் அவர். சந்திரன் தன் மடியில் விழுவதாகக் கனவு கண்டு, அதைச் சொன்னதற்காக முகத்தில் அடி வாங்கியவர். அடியின் தழும்பு கண்ணருகே இருந்ததாம். போரில் அவருடைய கோட்டை விழுந்தது. தகப்பன் இல்லை, கணவன் இல்லை. தன் ஆட்கள் செத்து விழுந்து கிடந்த வழியால் அவரைக் கூட்டிவந்தார்கள் என்றும், அப்படிக் கூட்டிவந்தவரை நபியவர்கள் கடிந்துகொண்டார்கள் என்றும் டீச்சர் சொன்னார். அந்த இடத்தை அவர் ஒரு வசனத்தில் கடந்துவிட்டார். என் மனம் அங்கேயே நின்றது. பிறகு அவர் இஸ்லாத்துக்கு வந்து, மதீனாவில் வாழ்ந்தார். யூதப் பெண் என்று மற்றவர்கள் குத்திக் காட்டியபோது அழுதார். உன் தகப்பன் வழியில் ஒரு நபி, உன் சிறிய தகப்பன் வழியில் ஒரு நபி, உன் கணவரும் நபி, யார் உன்னைவிட உயர்வு என்று கேள் என்று நபியவர்கள் அவரைத் தேற்றினார்கள்.

“அதுக்குப் பொறகும் உட்டாங்களா?” என்றார் டீச்சர். “நபியவங்க மௌத்தாகிப் பல வருஷம். அந்தம்மாட ஊட்ல வேல செஞ்ச அடிமப் பொண்ணு ஒத்தி போய், அப்ப ஆட்சி செஞ்ச கலீஃபாட்ட செல்றா. இவங்க இன்னும் சனிக்கிழமைய விரும்புறாங்க, யூதர்களோட ஒறவு வெச்சீக்கிறாங்க எண்டு. கலீஃபா ஆளனுப்பிக் கேக்குறாங்க.”

சனிக்கிழமை என்ற சொல் காதில் விழுந்ததும் நான் நிமிர்ந்து இருந்தேன். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணை நோக்கிக் கேட்ட கேள்வி, கொட்டாஞ்சேனை மாடியில் என் மடியில் வந்து விழுந்தது. அவர் என்ன சொன்னார்? டீச்சர் வாயைத் திறக்க, பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

“மிச்சம் அடுத்த கெழம,” என்று எழுந்துவிட்டார்.

படியிறங்கும்போது பக்கத்து வீட்டுப் பெண் என் கையைப் பிடித்தாள். “தாத்தா, ஒங்கட வாப்பாக்குச் சொகமா?” என்று கேட்டாள். வயதில் மூத்த பெண்களை அங்கே தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு கிழமையும் அவள் கேட்கும் கேள்விதான். அன்றைக்கு அது விசாரணை மாதிரி இருந்தது.

கதையின் மிச்சத்தை ஃபோனில் தேடினால் இரண்டு நிமிஷ வேலை. நான் தேடவில்லை. அந்த அம்மையாரைத் தண்டித்திருந்தால், அல்லது அவர் அழுது மன்னிப்புக் கேட்டு உறவை அறுத்திருந்தால், நான் என்ன செய்வேன்? தெரியாமல் இருக்கும்வரை சனிக்கிழமை என்னிடம் இருந்தது. மகள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவினாள், கதவைச் சாத்தினாள். நானும் கேட்கவில்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் பயந்துகொண்டு திரிந்தோம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிடும்போது கணவர் கேட்டார்: “நாளைக்குப் போறீங்களா?”

மூன்று வருஷத்தில் அவர் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை.

“ஓ,” என்றேன். அந்த வீட்டில் நான் ஓம் என்பதை விட்டு ஓ என்று சொல்லப் பழகி எத்தனையோ வருஷம்.

“ம்,” என்றுவிட்டு அவர் சோற்றைப் பிசைந்தார். அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் துணிவில்லை.

சனிக்கிழமை கோட்டையில் ரயில் ஏறினேன். பெட்டியில் இரண்டு பேர் தங்களுக்குள் சிரித்தாலும் என்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. வெள்ளவத்தையில் இறங்கி, செக்கியூரிட்டியின் புத்தகத்தில் பழைய பெயரை எழுதும்போது யாராவது படம் எடுக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். லிஃப்டில் மேல்மாடி மாமி என் அபாயாவை வழக்கம்போல மேலும் கீழும் பார்த்தார். கொட்டாஞ்சேனையில் நான் போதாத முஸ்லிம், வெள்ளவத்தையில் நான் அளவுக்கு மிஞ்சிய முஸ்லிம். இரண்டு இடத்திலும் கையைத்தான் ஒளிக்க வேண்டியிருந்தது.

“ஏன் பிள்ளை முகம் வாடிக் கிடக்கு?” என்று அப்பா கேட்டார்.

“ஒண்டுமில்லை, வெயில்.”

எண்ணெய் வைத்தேன். அண்ணை வந்து வார்த்தார். தலை துவட்டி, திருநீறு பூசி, அப்பா சாமித் தட்டுக்கு முன்னால் வந்து நின்றார். குச்சியை எடுத்தார். இன்றைக்கு மாட்டேன் என்று சொல்ல ரயிலிலேயே வசனம் யோசித்து வைத்திருந்தேன். முதற்குச்சி முறிந்தது. இரண்டாவது கீழே விழுந்தது. அவர் என்னைப் பார்க்காமலே மணிக்கட்டை என் பக்கம் நீட்டினார். யோசித்த வசனம் வரவில்லை. பிடித்தேன். அன்றைக்கு நடுங்கியது அவருடைய கையா என்னுடையதா என்று சொல்ல முடியாது. ஐந்து குச்சி போனது.

அடுத்த வியாழக்கிழமை நான் மாடியில் கதவோரம் இருந்தேன், எழுந்து போக வசதியாக. டீச்சர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். அந்த அம்மையார் கலீஃபாவின் ஆளிடம் சொன்னாராம்: அல்லாஹ் எனக்கு வெள்ளிக்கிழமையைத் தந்த பிறகு சனிக்கிழமையில் எனக்கு விருப்பமில்லை. யூதர்கள் என் இரத்த உறவினர், அவர்களோடு நான் உறவைப் பேணித்தான் வருகிறேன். பிறகு அந்த அடிமைப் பெண்ணைக் கூப்பிட்டு, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டார். ஷைத்தான் தூண்டினான் என்றாள் அவள். போ, உனக்கு விடுதலை என்றார் அம்மையார்.

“பெத்தவங்கட ஒறவ அறுக்கச் செல்லி மார்க்கத்தில இல்ல,” என்றார் டீச்சர். “மத்த விஷயம் அவங்களுக்கும் படச்ச ரப்புக்கும் எடையில. தெரிஞ்சவங்க ஊரெல்லாம் செல்ல வேணாம், அவங்கள்ட்டயே கேளுங்க.”

முப்பது பேரும் தலையாட்டினார்கள். எனக்கு மூச்சு வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை. அம்மையார் சொன்ன இரண்டாவது பதிலை நானும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். முதலாவதை எப்படிச் சொல்வது? சனிக்கிழமையில் விருப்பமில்லை என்று என்னால் சொல்ல முடியாது. கிழமையில் ஆறு நாளும் நான் அந்த ஒரு நாளுக்காகத்தான் எழும்புகிறேன்.

வீட்டுக்கு ஒழுங்கையால் நடக்கும்போது மகள் பின்னால் வந்தாள். பிறகு பக்கத்தில் வந்தாள். அழுதிருந்தாள்.

“உம்மா, நான்தான் எழுதின.”

“தெரியும். முழுக்கு எண்டு வேற ஆர் எழுதுவினம்?”

“நீங்க நரகத்துக்குப் போயிருவீங்களோ எண்டு பயம் வந்திச்சு. ராவைக்குத் தொழும்போதெல்லாம் அதுதான் நெனப்பு. வாப்பாட்ட செல்லவும் பயம். அவர் ஒங்கள அங்க போக உடாம உட்டா?” என்றாள். “சனி முழுக்கு எண்டா சனி சாமிக்கா?”

“சனிக்கிழமை எண்ணெய் வைச்சுக் குளிக்கிறது. உன்ரை தலைக்கும்தானே வைச்சனான்.”

“அப்ப வெளக்கு?”

அதற்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். “ஏத்தினது அப்பா. கை நடுங்குது எண்டு பிடிச்சது நான்.”

“அது ஏத்தினதா, ஏத்தாததா?”

“எனக்குத் தெரியா, மகள்.”

கொஞ்சத் தூரம் நடந்தோம். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: “உம்மாக்கு சனிக்கிழம விருப்பமா?”

“ஓம்,” என்றேன். வாயில் பழைய ஓம்தான் வந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை நான் வெளிக்கிட்டு வர, அவள் அபாயாவோடு வாசலில் நின்றாள். கையில் ஒரு சின்னப் பை. என்ன அது என்று கேட்டேன், சொல்லவில்லை. ரயில் முழுக்க எனக்கு அந்தப் பையைப் பற்றிய பயம். ஏதாவது புத்தகம் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்து மார்க்கம் பேசப் போகிறாளா? அவர் துரத்திவிட்டால்?

அப்பா முழுகி வந்து சாமித் தட்டுக்கு முன் நின்று தீப்பெட்டியைத் தேடியபோது, அவள் பையைத் திறந்தாள். உள்ளே அடுப்புப் பற்றவைக்கும் கேஸ் லைட்டர் ஒன்று இருந்தது, நீண்ட மூக்கு வைத்தது.

“அப்பப்பா, இதால பத்தவைங்க. அமத்தினா போதும்,” என்றாள். தாயின் தகப்பனை நாங்கள் அம்மப்பா என்போம். அது தெரியாமல் அவள் அப்பப்பா என்றாள். அப்பா திருத்தவில்லை.

எவ்வளவு யோசித்திருக்கிறாள் பாருங்கள். என்னை நரகத்திலிருந்தும் எடுக்க வேண்டும், சனிக்கிழமையும் நிற்கக் கூடாது. அதற்குப் புறக்கோட்டையில் தேடி ஒரு சாமான் வாங்கிவிட்டாள். அப்பா அதை இரண்டு கையாலும் பிடித்து அமத்தினார். நெருப்பு உடனே வந்தது. நடுங்கினாலும் அணையவில்லை. திரி தானாகப் பற்றியது. என் கை சும்மா இருந்தது. பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலிருந்தது, அதே நேரம் நெஞ்சு வெறுமையாகவும் இருந்தது. பத்தொன்பது வருஷம் என்னைத் தொடாத மனிதர், தானாகக் கையை நீட்டிக் கேட்டு வாங்கிய தொடுகை அது ஒன்றுதான். இனி அதற்குத் தேவையில்லை.

அப்பா லைட்டரை உற்றுப் பார்த்தார். பிறகு விளக்கை வாயால் ஊதி அணைத்தார். விளக்கை வாயால் ஊதக் கூடாது என்று சின்ன வயதில் எனக்கு அடித்த மனிதர். லைட்டரைத் தட்டின் ஓரத்தில் கவனமாக வைத்து, தீப்பெட்டியை எடுத்தார். ஒரு குச்சியை இழுத்துக்கொண்டு, மணிக்கட்டை என் பக்கம் நீட்டினார்.

“பிடி,” என்றார்.

நான் மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள், அவருடைய கையைப் பார்த்தாள். இந்த முறை அவள் பார்த்தால் மறைக்க ஒன்றுமில்லை, சொல்ல ஒன்றுமில்லை.

அவள் மெதுவாகப் பால்கனிக்குப் போனாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.